அனிமல் சயின்ஸா, பயாலஜியா? எடிசனில் இருந்து வந்த ஒரு கேள்வி

"டாக்டர் சார், வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம், சொந்த ஊர் கரூர் பக்கம். மகள் பதினோராம் வகுப்பு. ஏழு வயதில் இருந்தே வெட் ஆகப் போகிறேன் என்று ஒரே பேச்சு, நாயும் பூனையும் என்றால் உயிர். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் அனிமல் சயின்ஸ் மேஜர் எடுக்கப் போகிறாளாம். மாட்டுப் படிப்பு படித்துவிட்டு வெட் ஸ்கூலில் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள், பெயருள்ள பிரைவேட் காலேஜில் பயாலஜி எடுக்கட்டும், மெடிசினுக்கும் வழி இருக்கும் என்கிறார் அவள் அப்பா. எந்த மேஜர் எடுத்தால் வெட் ஸ்கூலில் இடம் கிடைக்கும்? இல்லை, பேசாமல் என்ஆர்ஐ கோட்டாவில் நாமக்கல்லுக்கு அனுப்பிவிடலாமா? கிரீன் கார்டு போன வருஷம்தான் வந்தது. சேமிப்பு என்று கையில் பெரிதாக இல்லை."

அம்மா, முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். எந்த வெட் ஸ்கூலும் மேஜரின், அதாவது இளங்கலையில் எடுக்கும் முதன்மைப் பாடத்தின், பெயரைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. நீங்கள் மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது கல்லூரிகள் கண்டுகொள்ளாத ஒரு விஷயத்துக்காக.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம்ம ஊரில் பிளஸ் டூ முடித்த கையோடு பி.வி.எஸ்சி.யில் சேர்ந்து, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருஷத்தில் டாக்டராகிவிடுகிறோம். சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் அப்படித்தான் படித்தேன், இருபத்து மூன்று வயதில் கிராமத்து மருந்தகத்தில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே டிவிஎம் என்ற கால்நடை மருத்துவர் பட்டம் தனியாக நாலு வருஷப் படிப்பு, அதற்கு முன்னால் கல்லூரியில் சில குறிப்பிட்ட பாடங்களை முடித்திருக்க வேண்டும். பாடங்களைத்தான் சொல்கிறேன். பட்டமே கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரிகள் பல உண்டு, கார்னெல்லும் அதில் ஒன்று. ஆனால் நடைமுறையில் உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடுதான் போகிறார்கள், உங்கள் பெண்ணும் அப்படியே போகட்டும்.

அந்தப் பாடங்கள் எவை என்றால்: ஜெனரல் கெமிஸ்ட்ரி லேபோடு இரண்டு செமஸ்டர், ஆர்கானிக் ஒன்றோ இரண்டோ, பயோகெமிஸ்ட்ரி, பயாலஜி இரண்டு செமஸ்டர், ஃபிசிக்ஸ், ஜெனெடிக்ஸ், மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆங்கிலக் கட்டுரை எழுதும் வகுப்பு. இவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வடிவத்தில் வரும். அப்புறம் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கிறுக்கு இருக்கும். ஒன்று ஃபிசிக்ஸ் இரண்டு செமஸ்டர் வேண்டும் என்னும், இன்னொன்று ஒன்றோடு விட்டுவிடும், ஒன்று அனிமல் நியூட்ரிஷன் கேட்கும், ஒன்று மேடைப் பேச்சு வகுப்பு கேட்கும், ஒன்று பத்து வருஷத்துக்கு முன் படித்ததை ஏற்காது. ஏஏவிஎம்சி என்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் இதையெல்லாம் ஒரே அட்டவணையாக வெளியிடுகிறது. மகள் இப்போதே அதை எடுத்து, தான் போக நினைக்கும் ஆறேழு கல்லூரிகளின் வரிசையில் மஞ்சள் கோடு போட்டு, சுவரில் ஒட்டி வைக்கட்டும். அவள் எடுக்க வேண்டிய உண்மையான மேஜர் அந்தத் தாள்தான். கல்லூரி பிரோஷரில் 'ப்ரீ-வெட்' என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் அது ஒரு அட்வைசரும் இதே பாடப்பட்டியலும்தான்.

சரி, அப்படியென்றால் எந்த மேஜராக இருந்தாலும் ஒன்றா? அதுவும் இல்லை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னுடைய கிளினிக்கில் வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் கூண்டு கழுவவும் நாயைப் பிடித்துக்கொள்ளவும் வருவார்கள். ஒரு பெண் இசை படித்துக்கொண்டிருந்தாள், செல்லோ. அறிவியல் பாடங்களைப் பக்கத்தில் எடுத்துக்கொண்டாள், இரண்டு கோடை விடுமுறையும் வீணானது, ஆனால் முதல் தடவையிலேயே இடம் கிடைத்தது. இன்னொரு பையன் பயோகெமிஸ்ட்ரி, படு புத்திசாலி, பெயரைக் கேட்டாலே கனமாக இருக்கட்டும் என்று அப்பா சேர்த்துவிட்டார். பிசிக்கல் கெமிஸ்ட்ரி என்ற ஒரு பாடம் அவனைச் சாய்த்தது. எந்த வெட் ஸ்கூலும் கேட்காத பாடம் அது. ஜிபிஏ என்ற சராசரி மார்க் நாலுக்கு 3.1 என்று இறங்கி, இரண்டு வருஷம் தொடர்ந்து நிராகரிப்புக் கடிதம். கஷ்டமான மேஜர் என்பதற்காக யாரும் கூடுதல் மார்க் போடவில்லை. அவன் பேரில் தப்பே இல்லை, தேவையில்லாத மலையில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அனிமல் சயின்ஸ். உங்கள் வீட்டுக்காரர் 'மாட்டுப் படிப்பு' என்று சொன்னதைப் படித்துச் சிரித்தேன், என் மாமனாரும் என்னை அப்படித்தான் சொன்னார். அதில் உள்ள லாபம் என்ன என்றால், ரட்கர்ஸ் மாதிரி, வேளாண்மை சொல்லித்தர அரசின் நிலக்கொடை பெற்ற பல்கலைக்கழகங்களில் வளாகத்துக்குள்ளேயே மாடு, குதிரை, ஆடு, பன்றி எல்லாம் இருக்கும். நியூ பிரன்ஸ்விக்கில் குக் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள், உங்கள் வீட்டில் இருந்து ரொம்பத் தூரமில்லை. எடிசனில் வளர்ந்த பெண்ணுக்கு ஒரு பசுவின் பின்னால் எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்று வேறு எங்கே தெரியவரும்? அங்கே வகுப்புகள் சிறியவை, பேராசிரியருக்கு அவள் பெயர் தெரியும், மூன்றாம் வருஷம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது 'நல்ல மாணவி, ஏ வாங்கினாள்' என்பதற்கு மேல் நாலு வரி எழுத அவருக்கு ஏதாவது இருக்கும். பொதுவாக மூன்று கடிதம் வேண்டும், அதில் ஒன்றாவது கால்நடை மருத்துவரிடமிருந்து. முந்நூறு பேர் உட்காரும் பயாலஜி வகுப்பில், பாதிப்பேர் ப்ரீ-மெட் என்று முட்டி மோதும் இடத்தில், அந்த நாலு வரிக்கு அலைய வேண்டியிருக்கும்.

ஆனால் அனிமல் சயின்ஸில் ஒரு குழி இருக்கிறது. பல இடங்களில் ஒரே மேஜருக்குள் இரண்டு மூன்று பிரிவு இருக்கும், ஒன்று ப்ரீ-வெட் அல்லது ஆராய்ச்சிப் பக்கம், இன்னொன்று பண்ணை, உற்பத்தி, வியாபாரப் பக்கம். இரண்டாவதில் சேர்ந்தால் பட்டம் அதே பெயரில்தான் வரும், ஆனால் ஆர்கானிக்கும் ஃபிசிக்ஸும் அதில் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் மூன்றாம் வருஷம் விண்ணப்பம் திறந்த பிறகுதான் இதைக் கவனித்தாள், ஒரு வருஷம் கூடுதலாகப் படித்துத்தான் அதைச் சரிசெய்ய முடிந்தது. சேரும்போதே அந்தப் பிரிவின் பாடப்பட்டியலைச் சுவரில் ஒட்டிய தாளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அட்வைசர் பார்த்துக்கொள்வார் என்று விடவேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் பெற்றோரிடம் சொல்வதில்லை. உங்கள் வீடு சைவமா அசைவமா எனக்குத் தெரியாது. அனிமல் சயின்ஸ் துறையில் இறைச்சி பற்றிய பாடமும் உண்டு, சில இடங்களில் கட்டாயம், சில இடங்களில் விருப்பம். பன்றிக்குட்டிக்குக் காயடிப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும், செய்யவும் வேண்டியிருக்கும். பால் பண்ணையில் கன்று பிறந்த உடனேயே தாயிடமிருந்து பிரிப்பார்கள். நாய், பூனை என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயிர் பன்றிக் கொட்டிலின் வாடையைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. பயாலஜி எடுத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தால், நாலு வருஷம் தள்ளிப்போடலாமே தவிர தப்பிக்க முடியாது. வெட் ஸ்கூலில் எல்லோரும் மாட்டின் பின்பக்கம் தோள் வரை கைவிட்டுச் சினைப் பரிசோதனை செய்து பழக வேண்டும், கடைசியில் எழுதும் நாவ்லி என்ற லைசென்ஸ் தேர்வில் குதிரை, மாடு, பன்றி, கோழி எல்லாம் வரும், நான் பூனை டாக்டர் மட்டும்தான் என்று சொன்னால் விடமாட்டார்கள். இது தனக்கு ஒத்துவருமா என்று பதினெட்டு வயதில் தெரிந்துகொள்வது நல்லது, இருபத்து மூன்றில், கடன் வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட.

அப்பாவின் கவலைக்கு வருகிறேன், அது நியாயமான கவலை. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஒரு வருஷத்தில் இடம் கிடைக்கிறது. ஆக, கிடைக்காவிட்டால் என்ன என்று இப்போதே கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் பயாலஜி பட்டம் அதற்குப் பெரிய காப்பு என்று அவர் நினைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. வெறும் பயாலஜி இளங்கலையோடு வெளியே வந்தால் கிடைப்பது பெரும்பாலும் லேப் உதவியாளர் வேலை. அனிமல் சயின்ஸோடு வந்தால் தீவன நிறுவனம், மருந்துக் கம்பெனிகளில் ஆய்வு விலங்குகளைப் பராமரிக்கும் பிரிவு, அரசு வேளாண் துறை, மேற்படிப்பு. நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டும் சுமார்தான், ஒன்று மற்றதைவிட மோசம் என்று சொல்லமாட்டேன். மெடிசின் விஷயத்திலும் அப்படித்தான்: மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் கெமிஸ்ட்ரியும் ஃபிசிக்ஸும் வெட் ஸ்கூல் கேட்பவையும் பெரும்பாலும் ஒன்றே. நாளைக்கு மனசு மாறினால் அனிமல் சயின்ஸில் இருந்தும் எம்கேட் என்ற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு எழுதலாம். தடையே இல்லை. அப்புறம், பட்டம் இருக்கிறதே, வெட் டெக்னீஷியனாகவாவது ஆகிவிடலாம் என்று ஒரு நினைப்பு எல்லோருக்கும் உண்டு. பல மாநிலங்களில் அதற்குத் தனிப் படிப்பும் தனித் தேர்வும் உண்டு, சும்மா கிடைக்காது.

அவளிடமே ஒன்று கேளுங்கள். வெட் ஸ்கூல் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டால் எந்தப் பாடத்தைப் படிப்பாய்? அவள் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றாலும் சரி, பறவைகள் என்றாலும் சரி, ஸ்பானிஷ் என்றாலும் சரி, அதைக் கொஞ்சம் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். சும்மா சொல்லவில்லை, பால் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேரிடம் எனக்கு ஸ்பானிஷ்தான் தேவைப்படுகிறது, நாற்பது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

மார்க் விஷயத்தில் மூன்று செய்திகள், இவை மேஜரைவிட முக்கியம். பெரும்பாலான கல்லூரிகளுக்கு விம்காஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம், டெக்சாஸில் மட்டும் தனி ஏற்பாடு ஒன்று. அதற்குக் கடைசி நாள் செப்டம்பர் நடுவில், சேர்வதற்கு முந்தைய வருஷம். அதாவது நாலு வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷம் முடிந்த கோடையிலேயே விண்ணப்பம் போய்விடும், அவர்கள் கையில் இருப்பது மூன்று வருஷ மார்க்தான். இரண்டாவது, ஒரு பாடத்தில் சறுக்கித் திரும்ப எழுதினால் உங்கள் கல்லூரி பழைய மார்க்கை மறைத்துவிடலாம், விம்காஸ் மறைக்காது, இரண்டையும் சேர்த்தே கணக்குப் போடும். மூன்றாவது உங்களுக்கு இன்றைக்கே தேவைப்படுவது: பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட் என்று எடுக்கிறார்களே, அந்த மார்க்கும் கல்லூரி மார்க்காகவே இதில் சேரும். பதினாறு வயதில் விளையாட்டாக எடுத்த ஒரு 'சி', இருபது வயதில் வந்து கதவைத் தட்டும். ஏற்கெனவே எடுத்திருக்கிறாளா என்று கேளுங்கள். நல்ல செய்தியும் உண்டு, பல கல்லூரிகள் கடைசி 45 கிரெடிட்டின் சராசரியைத் தனியாகப் பார்க்கின்றன, முதல் வருஷம் தடுமாறினவர்களுக்கு அது ஒரு கைப்பிடி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் மேஜரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை, நீங்களே சேமிப்பு இல்லை என்கிறீர்கள். 'பெயருள்ள பிரைவேட் காலேஜ்' என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள். வெட் ஸ்கூலுக்கு அந்தப் பெயர் தேவையில்லை, அந்தப் பணம் பின்னால் தேவைப்படும். வெளி மாநிலக் கட்டணத்தில் டிவிஎம் படித்தால் தங்கும் செலவோடு 3 லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். முன்பெல்லாம் செலவு எவ்வளவோ அவ்வளவும் அரசுக் கடனாகவே வாங்கிவிடலாம். 2025-இல் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் இத்தகைய தொழிற்படிப்பு மாணவர்களுக்கு வருஷத்துக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. மிச்சத்துக்குக் குடும்பம், இல்லையென்றால் தனியார் கடன். உங்கள் பெண் அந்தக் கணக்குக்குள்தான் வருவாள். ஆகவே இளங்கலையை மாநிலத்தவருக்கான உள்ளூர்க் கட்டணத்தில், முடிந்தால் வீட்டில் இருந்தபடியே முடித்துவிட்டு, மிச்சம் பிடித்ததை அந்த நாலு வருஷத்துக்கு வையுங்கள். கிரீன் கார்டு வந்தது பெரிய நிம்மதி, அது இல்லாவிட்டால் இந்தக் கடனும் கிடையாது, பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4-இல் இருக்கும் பிள்ளைகள் இருபத்தொன்றில் விசா மாற்றிக்கொண்டு நிற்கும் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உள்ளூர்க் கட்டணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நியூ ஜெர்சிக்கு ரொம்ப காலமாக சொந்தமாக வெட் ஸ்கூலே கிடையாது, பிள்ளைகள் பென்சில்வேனியாவில் பென்னுக்கும் நியூயார்க்கில் கார்னெல்லுக்கும் வெளி மாநிலத்தாராகவே போனார்கள். இப்போது ரோவன் பல்கலைக்கழகத்தில் ஷ்ரைபர் கல்லூரி தொடங்கி 2025-இல் முதல் அணி சேர்ந்திருக்கிறது. புதுக் கல்லூரியாயிற்றே, அங்கீகாரம் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். முதல் அணி படித்து முடிக்கும் வரை தற்காலிக அங்கீகாரம்தான் இருக்கும், எல்லாப் புதுக் கல்லூரிக்கும் இதே முறை, அதில் படிப்பவர்களும் நாவ்லி எழுதலாம். உங்கள் பெண் விண்ணப்பிக்கும் நேரத்தில் அதற்கு நாலைந்து வயது ஆகியிருக்கும், பட்டியலில் முதலில் அதை எழுதட்டும்.

அடுத்து, அனுபவத்தின் மணிக்கணக்கு. விலங்கோடு இருந்த அனுபவம் வேறு, கால்நடை மருத்துவரின் கீழ் இருந்த அனுபவம் வேறு, விண்ணப்பத்தில் தனித்தனியாகக் கேட்பார்கள். வீட்டு நாயைக் குளிப்பாட்டுவது இரண்டிலும் சேராது. சில கல்லூரிகள் குறைந்தபட்சம் சொல்லும், கலிஃபோர்னியாவில் டேவிஸ் 180 மணி என்கிறது. ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தோடு வருகிறவர்கள் குறைவு, பல நூறு மணிகளோடு வருவார்கள். ஒரே நாய் கிளினிக்கில் ஆயிரம் மணி நிற்பதைவிட, கொஞ்சம் குதிரை, கொஞ்சம் பால் பண்ணை, கொஞ்சம் ஆய்வுக்கூடம் என்று பிரிந்து இருந்தால் விண்ணப்பத்தைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். தேதி, இடம், மருத்துவர் பெயர், மணி என்று ஒரு நோட்டில் இன்றிலிருந்தே எழுதி வைக்கட்டும், நாலு வருஷம் கழித்து ஞாபகத்தில் இருந்து எழுதினால் பொய் மாதிரியே இருக்கும்.

ஆக, என்னைக் கேட்டால் ரட்கர்ஸ், அனிமல் சயின்ஸ், அதில் ப்ரீ-வெட் பிரிவு. ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் கோடையில் நாய் கிளினிக்கை விட்டுவிட்டு ஏதாவது ஒரு பால் பண்ணையிலோ ஆட்டுப் பண்ணையிலோ ஆறு வாரம் சாணி அள்ளட்டும். காலை 5 மணிக்கு எழுந்து. ஆறு வாரம் கழித்தும் கண்ணில் அந்த வெளிச்சம் இருந்தால் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. பிடிக்கவில்லை, ஆனால் வெட் ஆசை போகவில்லை என்றால் பயாலஜியே எடுக்கட்டும், அதிலும் ரட்கர்ஸிலேயே. எதுவாக இருந்தாலும் முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் கால்குலஸும் ஒன்றாகப் போட்டுத் திணறவேண்டாம்.

நாமக்கல். நல்ல கல்லூரி, 1985-இல் வந்தது, அங்கே படித்த நண்பர்கள் எனக்கு நிறைய, கோழி விஷயத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. மகள் இந்தியாவிலேயே வேலை செய்யப் போகிறாள் என்றால் தாராளமாக அனுப்புங்கள், செலவும் இங்கேவிடக் குறைவுதான். திரும்பி வந்து இங்கே டாக்டராக வேண்டும் என்றால்தான் சிக்கல். இந்தியக் கல்லூரி எதற்கும் அமெரிக்க கால்நடை மருத்துவ சங்கத்தின் அங்கீகாரம் இல்லை, ஆகவே என்னைப் போல இசிஎஃப்விஜி மாதிரியான, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சான்று வழியில் வரவேண்டும்: எழுத்துத் தேர்வு, அப்புறம் மூன்று நாள் கைவேலைத் தேர்வு, அதில் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, குதிரை, மாடு, நாய் பூனை மருத்துவம், பிரேதப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று ஏழு பகுதி, அது போக நாவ்லி. நான் குதிரைப் பகுதியில் ஒரு தடவை தோற்றேன். வேப்பேரியில் எங்களுக்குக் கைக்கு வந்த குதிரைகள் சொற்பம். கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர், தேதி கிடைக்கக் காத்திருப்பு வேறு, அந்தக் காலமெல்லாம் நான் டெக்னீஷியனுக்கு உதவியாளாக நாய்க் கூண்டு கழுவிக்கொண்டிருந்தேன். பள்ளி முடித்து நேரே போய் ஐந்து வருஷத்தில் முடித்து, இங்கே செல்லுபடியாகும் பட்டத்தோடு வர வேண்டுமானால் எடின்பரோ மாதிரி அங்கீகாரம் உள்ள கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் அந்தக் கட்டணத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரருக்கு ரட்கர்ஸ் கோவில் பிரசாதம் மாதிரித் தெரியும்.